கணக்கு சாரின் புருவங்கள்

என் வீட்டுக்காரருக்குக் கணக்கைத் தவிர வேறொன்றும் உருப்படியாக வராது. குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். தலையில் ஏற்றி வைத்த கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுவார். சோப்பு வாங்கி வரச் சொன்னால் சீப்பு வாங்கி வருவார். கேட்டால், சீப்பும் தேவைதானே என்று என்னையே மடக்குவார். ஆனால் பின்னம் என்ற சொல்லைக் கேட்டாலே ஓடி ஒளிகிற ஒரு பிள்ளையை அவர் முன்னால் உட்கார வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளை, இன்னொரு கணக்கு கொடுங்கள் சார் என்று கெஞ்ச ஆரம்பித்துவிடும். அந்தக் கைவரிசையை நம்பித்தான் மிஷன் எங்களைக் கடல் தாண்டி ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது. அப்போது எங்களுக்குக் கல்யாணமான புதிது. ஐந்து வருஷம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். எங்கள் மகள் அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, ஊருக்குத் திரும்பிப் போய்க் கல்யாணமாகி, அவள் பெற்ற பிள்ளையும் நடக்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஐந்து வருஷம் மட்டும் முடிந்தபாடில்லை.

கடைசியில் அதை முடித்துவைத்தது அவருடைய தொண்டை.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மற்ற ஆசிரியர்கள் மழை விடட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இவருக்கு அது பொறுக்காது. மழையோடு போட்டி போட்டுக் கத்துவார். எத்தனை மழைக்காலம் அப்படிக் கத்தினாரோ, தொண்டைக்குள் என்னவோ தடித்துப்போய்க் குரல் கரகரக்க ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, இனிமேல் வகுப்பில் நின்று பேசினால் குரல் அடியோடு போய்விடும் என்றார். "அப்ப கணக்கு மட்டும் சொல்லிக் குடுக்கலாமா?" என்று இவர் கேட்டார். டாக்டர் இவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்.

குரல் குறையக் குறைய அவர் வார்த்தைகளைச் சிக்கனம் செய்யத் தொடங்கினார். பேச வேண்டியதில் பாதியை முகம் பேசியது. அவருக்குக் கம்பளிப்பூச்சி போல அடர்த்தியான புருவங்கள். ஒரு புருவம் மேலே போனால் விடை சரி. இரண்டும் நெருங்கி வந்து முட்டிக்கொண்டால் தப்பு, திரும்பப் போடு. இடது புருவம் மட்டும் லேசாகத் துடித்தால் வழி சரி, கூட்டலில் கோட்டை விட்டிருக்கிறாய். இதையெல்லாம் அவர் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, தான் இப்படிச் செய்வதும் அவருக்குத் தெரியாது. பிள்ளைகளாகவே படித்துக்கொண்டார்கள். வீட்டில் நானும் படித்து வைத்திருந்தேன். சாப்பாட்டில் உப்பு கூடிப்போனால் வாய் "பிரமாதம்" என்று சொல்லும், புருவம் என்னிடம் வந்து கோள் மூட்டிவிடும்.

எங்கள் மிஷனில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டுப் போகிற ஆசிரியர் சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட முடியாது. புதிதாக வந்தவர் பாடம் நடத்த, பழையவர் ஒரு மாதம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒப்படைப்பு மாதம் என்று அதற்குப் பெயர். பழகிய முகம் ஒன்று வகுப்பில் இருந்தால் பிள்ளைகள் மிரளமாட்டார்கள் என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறார். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். பழையவர் வகுப்பில் வாயைத் திறக்கக் கூடாது. சொல்ல வேண்டியதைப் பிறகு ஆசிரியர் அறையில் சொல்லிக்கொள்ளலாம்.

இவருக்குப் பதிலாக முதலில் ஓர் இளைஞர் வந்தார். நாங்கள் பெட்டி கட்டினோம். ஒப்படைப்பு மாதம் முடிவதற்குள், இந்த ஊர்த் தண்ணீர் தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் போய்விட்டார். நாங்கள் பெட்டியைப் பிரித்தோம். அடுத்து வந்தவர் நல்ல அனுபவசாலி. மறுபடியும் பெட்டி கட்டினோம். அவர் மூன்றாவது வாரத்தில், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கிளம்பிவிட்டார். முகம் தெரியாத அந்த அம்மாவுக்காக நான் ஒரு நாள் முழுக்க உபவாசம் இருந்து ஜெபம் பண்ணினேன். பிறகுதான் தெரிந்தது, அந்த அம்மா அன்றைக்கு மொட்டை மாடியில் ஏறி ஜமக்காளம் உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்களாம். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமையே கெடையாது," என்றார் இவர். நானும் ஆமாம் போட்டேன்.

மூன்றாவதாக ஆள் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த டீச்சர் வந்து இறங்கிய அன்றைக்குத் தலைமையாசிரியர் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் அவர் பெரிய சார். மேஜை மேலிருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டே பேசினார்.

"இந்த டீச்சரும் போயிட்டாங்கன்னா இனிமே ஆளே அனுப்ப மாட்டாங்களாம். நேத்து ஆபீஸ்லேருந்து போன்ல சொல்லிட்டாங்க. மேல் வகுப்பை மூடிருவாங்க."

"மூடிட்டா பிள்ளைங்க?" என்று கேட்டேன்.

"டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்க வேண்டியதுதான். பையன்க போயிருவாங்க."

பெண்பிள்ளைகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். அந்த வகுப்பில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். இரண்டு பஸ் மாறி டவுனுக்குப் போய்ப் படி என்று எந்த வீட்டில் சொல்லப் போகிறார்கள்? படித்தவரை போதும் என்று சொல்லிவிடுவார்கள். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் இவர் அந்த வகுப்புப் பெண்பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

புது டீச்சர் ஒல்லியான பெண். ஒரு பெட்டியும் ஒரு தண்ணீர் பாட்டிலுமாக வந்தாள். விடுதிச் சமையலறை என் பொறுப்பில் இருந்தது, அதை ஒட்டிய அறையைத்தான் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். முதல் நாளே சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தாள். எனக்குப் பிடித்துப்போனது. முதல் வாரம் குளித்துவிட்டு வரும்போது ஏதாவது முணுமுணுத்துப் பாடுவாள். அடுத்த வாரம் பாட்டு நின்றது. அதற்கடுத்து ஒரு நாள் அவள் அறையைக் கடந்து போகும்போது பார்க்கிறேன், கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி கட்டிலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் அவளே சமையலறைக்கு வந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நான் திரும்பிப் போயிடலாம்னு பாக்கறேன்."

"ஏம்மா, சாப்பாடு ஒத்துக்கலையா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. எனக்குப் பாடம் நடத்த வரல."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் கேள்வி கேக்கறேன், பிள்ளைங்க பதில் சொல்றாங்க. ஆனா என்கிட்ட சொல்லல."

"பின்ன யார்கிட்ட சொல்றாங்க?"

அவள் வாசல் நிலையை நகத்தால் சுரண்டினாள். பிறகு, "சார் ரொம்ப நல்லவரும்மா. ஒரு வார்த்தை குறுக்க பேச மாட்டாரு," என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என் பக்கம்தான் இருந்தது.

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மறுநாள் அவருடைய தொண்டை மாத்திரையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மாத்திரை ஒரு சாக்கு. வகுப்பறை ஜன்னலுக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, அங்கே நின்றால் உள்ளே நடப்பது தெரியும்.

டீச்சர் பலகையில் ஒரு கணக்கு எழுதியிருந்தாள். ஜன்னலோரம் இருந்த பெண் எழுந்து விடை சொன்னாள். அவளை எல்லாரும் "ஏன்சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். என்ன சொன்னாலும் "ஏன் சார்?" என்று அவள் கேட்டுக் கேட்டு, அதுவே பேராகிவிட்டது. விடை சரியான விடைதான். ஆனால் சொல்லி முடித்த கையோடு அவள் பின்னால் திரும்பினாள். அவள் மட்டுமா? வகுப்பு மொத்தமும் திரும்பியது. கடைசி பெஞ்சில் என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, ரொம்ப நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். வலது புருவம் மட்டும் மெல்ல மேலே ஏறியது. அப்பாடா என்று எல்லாரும் முன்னால் திரும்பி விடையை எழுதிக்கொண்டார்கள். "சரி, கரெக்ட்," என்று டீச்சர் சொன்னாள். அதைக் கேட்க யாரும் இல்லை. கையில் சாக்பீஸோடு நின்ற அந்தப் பெண் இத்தனை நாளும் பார்த்ததெல்லாம் முதுகுகளும் சடைகளும்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே உள்ளே போயிருப்பேன். அடக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தேன்.

"வகுப்புல என்ன பண்றீங்க நீங்க?"

"உக்காந்திருக்கேன்."

"சும்மாவா?"

"சும்மாதான். வாயே தெறக்கறதில்ல. வேணும்னா அந்தப் பொண்ணையே கேட்டுப் பாரு."

"வாய் எதுக்கு உங்களுக்கு? அதான் புருவம் இருக்கே."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வெயிலில் நின்றாயா என்று என்னைக் கேட்டார். நான் உள்ளே போய் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.

"மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருங்க. ஏழு ஒம்பது அறுபத்தி மூணு."

வலது புருவம் ஏறியது.

"எட்டு ஏழு அம்பத்தி நாலு."

இரண்டும் ஓடி வந்து முட்டிக்கொண்டன. அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், சொன்னேன். முகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அதையும் மீறி இடது புருவம் துடித்தது. கண்ணாடியை மெதுவாக மேஜை மேல் கவிழ்த்து வைத்தார்.

"அப்ப, முன்னாடி வந்தாங்களே ரெண்டு பேரு..."

நான் அவர் கழற்றிப் போட்ட செருப்பை ஓரமாக எடுத்து வைத்தேன்.

"அந்தப் பையன் நல்லாத்தான் நடத்தினான்," என்றார். "பின்னத்தை என்னவிட நல்லா நடத்தினான். நான்தான் அவனைத் தொரத்திட்டேனா?"

அதுவரை இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிள்ளைகளுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அத்தனை நாளும் அங்கே உட்கார்ந்திருந்த மனுஷன். அவருக்கு எதிரில் நின்றுகொண்டிருக்க எனக்கே கஷ்டமாக இருந்தது. காபி போடப் போனேன்.

மறுநாளிலிருந்து அவர் திருந்தப் பார்த்தார். அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல? முதலில் ஒரு செய்தித்தாளை எடுத்துப் போய் முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் குனிந்து அடிவழியாகப் பார்த்தார்கள். அடுத்த நாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குவது போல் இருந்தார். "சார் தூங்கறாரு," என்று ஏன்சார் பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள். ஆனால் யாரோ சரியான விடை சொன்னதும் தூங்குகிறவரின் புருவம் தன்பாட்டுக்கு மேலே போனது. தூக்கத்திலும் அது டியூட்டி பார்த்தது. நான் குழாயடியில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள், காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார். ஊழியத்துக்கு வந்தவர் பொய் சொல்லலாமா என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் புது டீச்சர் நலம் விசாரிக்க வந்தாள். அன்றைக்கு வகுப்பு எப்படி நடந்தது என்று இவர் ஆவலாகக் கேட்டார்.

"பிள்ளைங்க எல்லாக் கணக்கும் போட்டாங்க சார். ஆனா விடைக்கு மட்டும் எடம் விட்டு வச்சிருக்காங்க. சார் வந்ததும் பாத்துக்கறோம் டீச்சர்னு சொல்லிட்டாங்க."

அவள் போனபின் இவர் வெகுநேரம் ஈசிசேரில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்தாலும் தொல்லை, இல்லன்னாலும் தொல்லை," என்றார். "நான் போனப்பறமும் வருவேன் வருவேன்னு காத்துக்கிட்டு இருப்பாங்க. அவங்க கண்ணு முன்னாடியே இருக்கணும். ஆனா என்கிட்டேருந்து ஒண்ணும் கெடைக்கக் கூடாது. அதுக்கு என்ன வழி?"

"இதுல நான் என்னத்தைச் சொல்ல? நீங்கதான கணக்கு வாத்தியார்."

மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து, மணி அடிப்பதற்கு வெகு முன்பே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் சமையலறையில் இருந்தவர்களுக்கும், என்னைத் தேட வேண்டுமென்றால் குழாயடிக்குப் போக வேண்டும் என்பது பழகிவிட்டது.

கடைசி பெஞ்சை அவர் திருப்பிப் போட்டிருந்தார். பின்சுவருக்கும் அதற்கும் ஒரு முழம் இடைவெளி இருந்தால் அதிகம். அதில் சுவரைப் பார்த்தபடி, பலகைக்கும் வகுப்புக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். பார்ப்பதற்கு ஓர் ஆணியும் பழைய மைக்கறையும்தான் இருந்தன. அத்தனை வருஷத்தில் எந்தப் பிள்ளையையும் அவர் அப்படிச் சுவரைப் பார்க்க உட்கார வைத்ததில்லை.

பிள்ளைகள் உள்ளே வந்ததும் புத்தகப் பையைக்கூட இறக்காமல் நின்றார்கள்.

"சார், உங்களுக்கு யாரு தண்டனை குடுத்தாங்க?" என்று ஏன்சார் கேட்டாள்.

அவர் திரும்பவில்லை. புது டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்கு என்ன நடத்தினாளோ, அவளுக்கே தெரிந்திருக்காது. வகுப்பு முடிந்ததும் நேராக அவரிடம் ஓடினாள்.

"சார், என்ன சார் இது? வேண்டாம் சார். எனக்கு அழுகையா வருது."

"அழறதா இருந்தா ஆசிரியர் அறையில வந்து அழு," என்றார் அவர். அந்தக் கரகரத்த குரலில் அது கோபமா வேடிக்கையா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். "வகுப்புல என்னைப் பாக்காதம்மா. நீயே என்னைப் பாத்தா அவங்க எப்படிப் பாக்காம இருப்பாங்க? அவங்களைப் பாரு."

ஒன்றிரண்டு நாள் ஒரே இழுபறிதான். பிள்ளைகள் விடை சொல்லிவிட்டுப் பழக்க தோஷத்தில் திரும்புவார்கள். அங்கே ஒரு வழுக்கைத் தலையின் பின்பக்கம் இருக்கும். அதில் சரியா தப்பா என்று ஒன்றும் எழுதியிருக்காது. திரும்பிய வேகத்தில் திரும்பிக்கொள்வார்கள். எழுதலாமா வேண்டாமா என்று பேனா மூடியைக் கடிப்பார்கள். பிறகு ஒரு பிள்ளை, வேறு வழியில்லாமல், "சரியா டீச்சர்?" என்று கேட்டது. அந்த ஒரு கேள்விக்கு டீச்சரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! பெட்டி கட்டிலை விட்டு இன்னும் இறங்கவில்லை என்றாலும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஒப்படைப்பு மாதம் முடியப் போகிற சமயத்தில் அந்தத் தொட்டிக் கணக்கு வந்தது.

ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு குழாய் மட்டும் திறந்தால் ஆறு மணி நேரத்தில் நிரம்பும், இன்னொன்று மட்டும் திறந்தால் மூன்று மணி நேரத்தில் நிரம்பும். அடியில் ஒரு திறப்பு, அது நிரம்பிய தொட்டியை நாலு மணி நேரத்தில் காலி செய்யும். மூன்றையும் திறந்து விட்டால் தொட்டி எப்போது நிரம்பும்? டீச்சர் பலகையில் மளமளவென்று எழுதிக்கொண்டே போனாள். எழுதுவதை வாயாலும் சொல்லிக்கொண்டே போனாள். மூன்றாவதைக் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டாள். ஒரு மணி இருபது நிமிஷம் என்று விடை எழுதி அடியில் கோடும் போட்டாள்.

எனக்குக் கணக்கு தெரியாது. ஆனால் என் வீட்டுக்காரரின் காது எனக்குத் தெரியும். சுவரைப் பார்த்திருந்தவரின் இரண்டு காதுகளும் பின்னாலிருந்து பார்க்கவே சிவந்துவிட்டன. பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. அவர் திரும்பினால் போதும், ஒரு வார்த்தை வேண்டாம், இரண்டு புருவம் முட்டினால் போதும், தப்பு சரியாகிவிடும். அதோடு இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் பாழாகிவிடும். ஆண்டவரே, இந்த மனுஷனைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்று குழாயடியில் நின்று வேண்டினேன்.

பிள்ளைகள் எழுத ஆரம்பித்தார்கள். ஏன்சார் மட்டும் எழுதவில்லை. பலகையைப் பார்த்தாள். பின்னால் திரும்பி, அசையாமல் இருந்த அந்த முதுகைப் பார்த்தாள். மறுபடியும் பலகையைப் பார்த்தாள். வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டாள்.

"டீச்சர், ஏன் டீச்சர்?"

"என்னம்மா?"

"ஓட்டையே இல்லன்னா அந்தத் தொட்டி ரெண்டு மணி நேரத்துல ரொம்பும். ஓட்டை இருந்தா அதைவிட சீக்கிரமா ரொம்புமா?"

டீச்சர் பலகையை அண்ணாந்து பார்த்தாள். முன்பாக இருந்தால் இந்த இடத்தில் அவள் கண் பின்சுவருக்குப் போயிருக்கும். அன்றைக்குப் போகவில்லை. சாக்பீஸை நெற்றியில் தட்டிக்கொண்டு கடகடவென்று சிரித்துவிட்டாள்.

"ஐயையோ! நல்லவேளை, தொட்டி கட்ட யாரும் என்னைக் கூப்பிடல. நான் போட்டது தப்பு. நீ வாம்மா, நீயே வந்து போடு."

ஏன்சார் போய்க் கூட்டலை அழித்துவிட்டுக் கழித்தாள். நாலு மணி நேரம் வந்தது. "கரெக்டா?" என்று டீச்சர் வகுப்பைப் பார்த்துக் கேட்டாள். "கரெக்ட்!" என்று அத்தனை பேரும் கத்தினார்கள், மழை பெய்தால்கூடக் கேட்டிருக்கும். என் வீட்டுக்காரர் நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அன்றைக்குச் சாயங்காலம் வரை எனக்குத் தெரியவில்லை. கேட்டால், அவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் புது டீச்சர் சமையலறைக்கு வந்து சுத்தியல் கேட்டாள். "அறையில துணி மாட்டவே எடம் இல்லம்மா. வரிசையா நாலு ஆணி அடிச்சுக்கறேன்." நான் சுத்தியலையும் கொடுத்து ஒரு டப்பா ஆணியையும் கொடுத்தேன். சந்தோஷத்தில் என்ன கொடுக்கிறோம் என்றே தெரியவில்லை. அவ்வளவு ஆணிக்கு அந்த அறையில் சுவர் இருந்திருக்காது.

ஒப்படைப்பு மாதம் முடிந்தது. பெரிய சார் கூட்டம் போட்டு, மாலை போட்டு, நாலு பேர் பேசி, நாங்களும் பேசி, பிள்ளைகள் அழுது, எல்லாம் முந்தின நாளே முறைப்படி நடந்து முடிந்தது. கிளம்புகிற அன்று காலை வேன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. "அஞ்சே நிமிஷம்," என்று சொல்லிவிட்டு இவர் இறங்கினார். நானும் இறங்கினேன். வகுப்பு வாசலுக்குப் போவார் என்று பார்த்தால், அவர் சுற்றிக்கொண்டு குழாயடிக்குப் போனார். நான் இத்தனை நாள் எங்கே நின்றேன் என்று அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். தன் வகுப்பை வெளியே நின்று பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. டீச்சர் பலகையில் வட்டம் வரைந்துகொண்டிருந்தாள். அத்தனை தலைகளும் அவளைப் பார்த்திருந்தன. கடைசி பெஞ்சை யாரோ மறுபடியும் முன்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள், அதில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். சரசரப்பு கேட்டு, ஜன்னலோரம் இருந்த ஏன்சார் திரும்பினாள். அவரைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் சிரிப்பானது. அவரும் சிரித்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அவள் சட்டென்று உதட்டில் விரலை வைத்தாள். பாடம் நடக்குது, சத்தம் போடாதீங்க என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு, பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இவர் கம்பியை விட்டார். செருப்புச் சத்தம் கேட்கக் கூடாதென்று குதிகாலைத் தூக்கி, அடிமேல் அடி வைத்து, அந்த முற்றம் முழுவதையும் கடந்து வேனுக்கு வந்தார். நானும் அப்படியே வந்தேன். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகுதான் மூச்சு விட்டார்.

"பாத்தியா? என்னைப் பேசாம இருக்கச் சொல்லிட்டா," என்றார்.

அவருக்கு அவ்வளவு பெருமை. வேன் பள்ளிக்கூட மதிலைத் தாண்டும் வரை சிரித்துக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.